உங்க வாட்ச் எத்தனை செகண்ட் பொய் சொல்லுது?

உங்க பெஞ்ச்ல இருக்கிற நாலு பேர் கையையும் வரிசையா பாருங்க. நாலு வாட்ச், நாலு மணி. ஒண்ணு 10.02, இன்னொண்ணு 10.05. 'என்னுதுதான் கரெக்ட்'னு நாலு பேரும் சத்தியம் பண்ணுவாங்க. உண்மை என்னன்னா, நாலுமே தப்பு. ஆனா நம்பகமான தப்பு. இந்த வாரம் அந்த 'நம்பகமான தப்பு' பத்திதான் பேசப் போறோம்.

செல் போட்டு ஓடுற வாட்ச்னாலே அநேகமாக அது குவார்ட்ஸ் வாட்ச்தான். உள்ளே ஒரு குட்டி டப்பாவில் குவார்ட்ஸ் படிகம் இருக்கும். ஸ்கூல் லேப்ல தட்டிப் பார்த்தோமே இசைக்கவை, அதே வடிவம். இந்தப் படிகத்தை அழுத்தினால் மின்சாரம் பிறக்கும் என்று 1880-ல் கண்டுபிடித்தவர்கள் ழாக் கியூரி, பியர் கியூரி சகோதரர்கள். மின்சாரம் கொடுத்தால் படிகம் அசையும் என்பதை அடுத்த வருஷமே காட்டிவிட்டார்கள்.

வாட்சுக்குள் அது செகண்டுக்கு 32,768 தடவை அதிர்கிறது. அது என்ன கணக்கு? 2-ஐ 2-ஆல் பெருக்கிக்கொண்டே போங்க, 15-வது 2-ல் இந்த எண் வந்து நிற்கும். சர்க்யூட் அதைப் பாதி, பாதியில் பாதி என்று 15 தடவை வெட்டினால் செகண்டுக்கு ஒரே ஒரு துடிப்பு. அந்தத் துடிப்புதான் முள்ளைத் தள்ளுகிறது.

உலகத்தில் முதன்முதலாகக் கடைக்கு வந்த குவார்ட்ஸ் கைக்கடிகாரம் சீகோ ஆஸ்ட்ரான். டோக்கியோவில் 1969 டிசம்பர் 25 அன்று ரிலீஸ். விலை 4,50,000 யென். அந்தக் காசுக்கு அங்கே ஒரு கார் வாங்கலாம்! மாசத்துக்கு 5 செகண்டுக்கு மேல் தப்பாது என்பதுதான் அதன் பெருமை. நம்ம ஊர்ப் பக்கம் வந்தால், 1984-ல் டாடாவும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் கைகோத்து ஆரம்பித்த டைட்டன், ஓசூரில் குவார்ட்ஸ் வாட்ச் செய்ய இறங்கியது.

இன்னிக்கு நிலைமை என்ன? சாதாரண குவார்ட்ஸ் வாட்ச் மாசத்துக்கு 15 செகண்ட் முன்னே பின்னே போகலாம் என்பது வழக்கமான கணக்கு. 1989-லிருந்து விற்கிற கேசியோ எஃப்-91டபிள்யூ, மாசத்துக்கு 30 செகண்ட் என்கிறது. அதாவது நாளைக்கு ஒரு செகண்ட். லட்சக்கணக்கில் விலை சொல்லும் சாவி கொடுக்கிற சுவிஸ் வாட்ச், நாளைக்கு 4 செகண்ட் பின்னே, 6 செகண்ட் முன்னே போனாலும் 'குரோனோமீட்டர்' சர்டிபிகேட் வாங்கிவிடும். ஸோ, மணி பார்க்கிறதுல உங்க பிளாஸ்டிக் வாட்ச்தான் கெத்து. நண்பன் கையைப் பார்த்து ஏங்காதீங்க!

ஆனா ஒரு சிக்கல். 15 செகண்ட்தானேன்னு விட்டா, ஒரு செமஸ்டர்ல அது ஒன்றரை நிமிஷம். ரெண்டு வருஷத்துல 6 நிமிஷம். மொபைலை வெளியே வாங்கி வெச்சுக்கிற எக்ஸாம் ஹால்ல, கடைசிக் கேள்வியில் பாதி அந்த 6 நிமிஷத்துக்குள்ள இருக்கு.

தப்பு எங்கேயிருந்து வருது? மூணு வழி.

முதல் வழி, பிறவிக் குணம். ரெண்டு படிகம் ஒரே மாதிரி இருக்காது. அதனால் பல வாட்ச்களில் படிகத்தை வேண்டுமென்றே கொஞ்சம் வேகமாகச் செய்து, சர்க்யூட்டை விட்டு அப்பப்போ சில துடிப்புகளை முழுங்க வைக்கிறார்கள். அப்படித் திருத்தியும் மிஞ்சுகிற வித்தியாசம்தான் உங்க வாட்சின் குணம்.

ரெண்டாவது, வெயில். இந்தப் படிகத்துக்குப் பிடித்தது சுமார் 25 டிகிரி செல்சியஸ். சூடு கூடினாலும் ஸ்லோ, குறைந்தாலும் ஸ்லோ. 15 டிகிரி விலகினால் நாளைக்குச் சுமார் 0.66 செகண்ட் பின்தங்கும், மாசத்துக்கு 20 செகண்ட். மே மாச வேலூரில் 40 டிகிரி மொட்டை மாடி ரூமும், ஊட்டியில் 10 டிகிரி ராத்திரியும் அதுக்கு ஒண்ணுதான்! கையில் கட்டியிருந்தால் உடம்புச் சூடு அதை ஓரளவு ஒரே நிலையில் வைத்திருக்கும். கழற்றி ஜன்னல் ஓரம் போட்டால்தான் வம்பு.

மூணாவது, வயசு. புதுப் படிகம் முதல் வருஷத்தில்தான் அதிகம் மாறும். அப்புறம் போகப் போக மாற்றம் குறைந்துகொண்டே வரும். அதனால அப்பா கொடுத்த பழைய வாட்ச் புதுசை விட ஒரே சீராக ஓடினால் ஆச்சரியப்படாதீங்க. வருஷத்துக்கு 10 செகண்ட் என்று சொல்லி விற்கும் கிராண்ட் சீகோவின் 9எஃப் வாட்ச்களுக்கு, படிகத்தை மூணு மாசம் ஓடவிட்டு, நிலையானதாகப் பார்த்துப் பொறுக்குகிறார்கள்.

'செல் வீக்கா இருக்கு, அதான் ஸ்லோ'ன்னு கடையில் சொல்வாங்க. சில்வர் ஆக்சைடு செல் கிட்டத்தட்ட கடைசி வரைக்கும் ஒரே அளவு வோல்டேஜ்தான் தரும். உயிர் போகும் நேரத்தில்தான் முள் தடுமாறும். பல வாட்ச்களில் செகண்ட் முள் ரெண்டு ரெண்டு செகண்டாகக் குதித்து, 'என்னை மாத்து'ன்னு முன்கூட்டியே சொல்லிவிடும்.

சரி, தப்பு இருக்கு. என்ன பண்றது? கப்பல்காரங்க பண்ணினதைப் பண்ணுங்க. 1761-ல் இங்கிலாந்திலிருந்து ஜமைக்காவுக்கு ஜான் ஹாரிசனின் எச்4 கடிகாரத்தைக் கப்பலில் கொண்டுபோனார்கள். அது தினமும் சுமார் 2.7 செகண்ட் பின்தங்கும் குணமுள்ளது. அந்தக் குணத்தைக் கணக்கில் கழித்துப் பார்த்தபோது, 81 நாள் கழித்தும் வித்தியாசம் வெறும் 5 செகண்ட்! அதற்கப்புறம் மாலுமிகளும் கடிகார முள்ளைத் தினமும் திருகிக்கொண்டிருக்கவில்லை. 'இது நாளைக்கு இத்தனை செகண்ட் தப்பும்' என்று நோட்டில் எழுதி வைத்து, மணியைக் கணக்குப் போட்டார்கள். தப்பாத கடிகாரம் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. ஒரே மாதிரி தப்புகிற கடிகாரம் போதும்.

உங்க வாட்சுக்கும் அந்த நோட்டைப் போடுங்க. ரொம்ப ஈஸி. மொபைலில் ஆட்டோமேட்டிக் டைம் ஆன்ல இருக்கட்டும். செகண்ட் முள் 12-ல் வரும்போது சாவியை இழுங்க, பெரும்பாலும் முள் அப்படியே நிற்கும். அடுத்த நிமிஷத்துக்கு முள்ளை வைத்து, மொபைலில் அந்த நிமிஷம் பிறக்கும் நொடியில் சாவியை அழுத்துங்க. தேதியைக் குறிச்சுக்கோங்க. 30 நாள் தொடவே கூடாது! அப்புறம் ரெண்டையும் ஒப்பிட்டு, எத்தனை செகண்ட் முன்னே, எத்தனை செகண்ட் பின்னேன்னு எழுதுங்க. மூணு மாசம் தொடர்ந்து எழுதினா உங்க வாட்ச் ஜாதகமே கையில் வந்துடும்.

மாசம் 12 செகண்ட் ஸ்பீடுன்னு வந்தா, டிசம்பர் எக்ஸாமுக்கு ஜூலையில் வெச்ச மணி ஒரு நிமிஷம் முன்னே இருக்கும்னு இப்பவே சொல்லிடலாம். ஒரு மாசம் 12, அடுத்த மாசம் 40, அதுக்கடுத்து பின்னே 20-ன்னு வந்தாதான் கடைக்குப் போகணும். அதுதான் நம்ப முடியாத தப்பு.

இன்னிக்கு ராத்திரியே மணியை வெச்சுடுங்க. ரிசல்ட்டை அடுத்த மாசம் உங்க பெஞ்ச்ல பேசிக்கலாம்!