செவ்வாய்க்கிழமை 'வீக் ஆஃப்' ஏன் ஞாயிறு ஆவதில்லை?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனாலே பலருக்கும் மனசு ஒரு மாதிரி ஆகிவிடும். 'ஐயோ, நாளைக்குத் திங்கட்கிழமையா?' என்று உள்ளுக்குள் ஒரு முனகல். உண்மையில் திங்கட்கிழமை அவ்வளவு மோசமான நாளா?

இல்லை என்கிறது ஓர் ஆய்வு. அமெரிக்காவில் சுமார் 3,40,000 பேரிடம் எடுத்த கேலப் கருத்துக்கணிப்பை ஆர்தர் ஸ்டோன் குழுவினர் அலசி, 2012-ல் முடிவை வெளியிட்டார்கள். செவ்வாய், புதன், வியாழனோடு ஒப்பிட்டால் திங்களன்று மனநிலை பெரிதாக ஒன்றும் மோசமாகவில்லை. வெள்ளியன்று கொஞ்சம் உற்சாகம், சனி, ஞாயிறில் இன்னும் அதிகம். ஞாயிறுக்குப் பக்கத்தில் நிற்பதால்தான் திங்களுக்கு இந்தக் கெட்ட பெயர்.

வேலை இல்லாதவருக்கும் வீக் எண்டா?

அங்கேயே 2014-ல் வெளியான கிறிஸ்டோபல் யங், சேயூன் லிம் ஆய்வு இன்னும் சுவாரஸ்யமானது. வேலை இல்லாதவர்களுக்கும் வார இறுதியில் சந்தோஷம் கூடுகிறது. தினமும் லீவுதானே, பிறகு ஏன்? அன்றைக்குத்தான் மற்றவர்களும் வீட்டில் இருக்கிறார்கள். ஓய்வு என்பது வேலை இல்லாத நேரம் மட்டுமல்ல. கூட இருக்க ஆள் கிடைக்கும் நேரமும்கூட.

இங்கே என்ன நிலைமை?

ஜவுளிக்கடை, மால், கால் சென்டர் ஊழியர்கள் பலருக்கு வீக் ஆஃப் செவ்வாயோ புதனோதான். அன்று மனைவி ஆபீஸில், குழந்தை ஸ்கூலில், நண்பர்கள் மீட்டிங்கில். துணி துவைத்து, ரீல்ஸ் பார்த்தே பொழுது போய்விடும். லீவு கிடைத்தும் மனசு ஆறுவதில்லை.

தமிழகத்தில் பத்து அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள கடைகள் 24 மணி நேரமும் இயங்க 2019-ல் அரசு அனுமதித்தது. சுழற்சி முறையில் வாரம் ஒருநாள் விடுமுறை என்பது நிபந்தனை. நல்லதுதான். ஆனால், அதில் நாள்தான் கணக்கு. அந்த நாளில் வீட்டில் யார் இருப்பார்கள் என்பது கணக்கில் இல்லை.

என்ன செய்யலாம்?

எல்லோருக்கும் எல்லா ஞாயிறும் லீவு சாத்தியமில்லை. ஆஸ்பத்திரியும் பஸ்ஸும் ஓடித்தான் ஆக வேண்டும். ஆனால், மாதத்தில் ஒரு ஞாயிறையாவது சுழற்சியில் கொடுக்கலாம். ஷிப்ட் பட்டியலை ஒரு மாதம் முன்பே சொல்லலாம். லீவு நாளில் ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் வேலை சொல்லாமல் இருக்கலாம். இதற்கெல்லாம் பெரிய செலவில்லை.

'லீவு கொடுத்தாச்சே' என்று நிர்வாகங்கள் கணக்கை முடித்துவிடக் கூடாது. குடும்பத்தோடு உட்கார்ந்து ஒருவேளை சாப்பிட முடிகிற லீவா அது என்பதையும் பார்க்க வேண்டும்.