தேன்பெட்டி மட்டும் போதாது

தேனீயைக் காப்பது என்றாலே தேன்பெட்டிக்கு மானியம் தருவது என்றாகிவிட்டது. பெட்டி வேண்டியதுதான், ஆனால், மகரந்தச் சேர்க்கைக்கு அது மட்டும் போதாது. கத்தரிப் பூவின் மகரந்தப் பையில் நுனித்துளை மட்டுமே உண்டு. பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிரவைக்கும் கருவண்டும் நீலவரித் தேனீயும் அதிலிருந்து மகரந்தத்தை எளிதில் உதிர்த்துவிடும்; பெட்டித் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. நீலவரித் தேனீ மண்ணில் கூடமைக்கும். கருவண்டு பட்ட மரத்தைத் துளைத்துக் குடியிருக்கும். வரப்பைச் சிமென்டால் மூடி, பட்ட மரத்தை விறகாக்கினால் இவற்றுக்கு இடமேது?

இத்தாலியத் தேனீ அதிகத் தேன் தருகிறதே என்பார்கள். உண்மைதான். ஆனால், எந்த ஓர் இனத்தை மட்டும் நம்பினாலும் ஆபத்துதான். 1990களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் வைரஸ் தாக்கி, தென்னிந்தியாவில் இந்தியத் தேனீக் கூட்டங்கள் பெருமளவில் அழிந்தன. பூச்சிமருந்து இல்லாமல் விளைச்சல் ஏது என்ற கேள்வியும் நியாயமே. மருந்தை அடியோடு கைவிட வேண்டியதில்லை; பூக்கும் பருவத்தில் தவிர்க்கலாம், முடியாதபோது தேனீக்கள் கூடு திரும்பிய அந்தியில் தெளிக்கலாம். வரப்போரம் துளசியையும் தும்பையையும் பூக்க விடப் பெரிய செலவில்லை. பெட்டிக்குத் தரும் மானியத்தில் ஒரு பங்கை, அப்படிப் பூவரப்பு பேணும் உழவருக்கும் அரசு தர வேண்டும்.