அலைகடலுக்கு அப்பால் ஓர் அலுவலறை

(மூன்றாம் ஆண்டு, இளங்கலைப் பொருளியல்)

வேலையைத் தேடி ஊர்விட்டு ஊர் செல்வது பழைய கதை. வேலையைக் கையோடு எடுத்துக்கொண்டு நாடுவிட்டு நாடு செல்வது புதிய கதை. அந்தப் புதிய கதை எங்கள் வீட்டிலேயே தொடங்கும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

என் தமக்கை இதே கல்லூரியில் வணிகவியல் பயின்றவள். சென்னையில் அயல்நாட்டு நிறுவனம் ஒன்றுக்குக் கணக்கு எழுதும் பணியில் இருந்தாள். 2020ஆம் ஆண்டில் ஊரடங்கு வந்தபோது மடிக்கணினியும் கையுமாக ஊர் திரும்பினாள். நோய் போயிற்று, வேலை மட்டும் வீட்டிலேயே தங்கிவிட்டது. நெல் மூட்டை அடுக்கிய அறையின் மூலையில் ஒரு மேசை. அதுவே அவளது அலுவலகம். சென்ற ஆண்டு ஒருநாள் இரவு, "ஓராண்டு மொரீசியஸில் தங்கி வேலை பார்க்கப் போகிறேன். கம்பெனியும் சம்மதித்துவிட்டது" என்றாள்.

அப்பா ஒன்றும் பேசவில்லை. அம்மாதான் கேட்டார்: "இங்கே உட்கார்ந்து பார்க்கிற வேலையை அங்கே போய்ப் பார்ப்பானேன்?"

நியாயமான கேள்வி! அதற்கு விடை தேடியதன் விளைவே இக்கட்டுரை.

தீவு ஏன் அழைக்கிறது?

மொரீசியஸ் நாட்டின் பரப்பு ஏறத்தாழ 2,040 சதுர கிலோமீட்டர். நம் கன்னியாகுமரி மாவட்டத்தைவிடச் சற்றே பெரிது; அவ்வளவுதான். மக்கள்தொகை சுமார் பன்னிரண்டரை லட்சம். ஆனால் 2019ஆம் ஆண்டில் அங்கு வந்த சுற்றுலாப் பயணிகளோ 13 லட்சத்துக்கும் மேல். வீட்டாரைவிட விருந்தாளிகள் அதிகம்! 2020 மார்ச்சில் எல்லைகள் மூடப்பட்டன, விடுதிகள் வெறிச்சோடின. அந்த ஆண்டின் இறுதியில் அந்நாட்டரசு 'பிரீமியம் விசா' என்னும் அனுமதியை அறிமுகப்படுத்தியது. ஓராண்டு தங்கலாம், கட்டணமில்லை. மாதம் 1,500 டாலர் வருமானம் இருக்க வேண்டும். அது நாட்டுக்கு வெளியிலிருந்து வர வேண்டும். உள்ளூரில் வேலை பார்க்கக் கூடாது. அதே 2020 ஜூலையில் கரீபியப் பகுதியில் உள்ள பார்படோஸ் தீவும் இத்தகைய திட்டத்தைத் தொடங்கியது. அது கேட்டது ஆண்டுக்கு 50,000 டாலர் வருமானம்.

பொருளியல் மாணவன் என்ற முறையில் இதைக் கெட்டிக்காரத்தனம் என்றே சொல்வேன். உள்ளூர் இளைஞனின் வேலை பறிபோகாது. வெளிப்பணம் உள்ளே வரும். ஆனால் நாணயத்துக்கு மறுபக்கமும் உண்டன்றோ? தீவை இழுத்து நீட்ட முடியாது. டாலரில் சம்பளம் வாங்குபவரும் உள்ளூர்ப் பள்ளி ஆசிரியரும் ஒரே வீட்டுக்கு வாடகை பேசினால் வீடு யாருக்குக் கிடைக்கும்? உணவுப் பொருள்களில் பெரும்பகுதியை இறக்குமதி செய்து வாழும் நாடு அது. அங்கே நாம் உண்ணும் ஒவ்வொரு கவளமும் கப்பலேறி வந்தது.

பதினாறு படிகள்

தலைநகர் போர்ட் லூயிஸின் துறைமுகத்தில் 'ஆப்ரவாசி காட்' என்னும் இடம் இருக்கிறது. 1834 முதல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவர்கள் கரையேறிய இடம் அதுதான். அங்குள்ள பதினாறு கற்படிகளில் ஏறித்தான் அவர்கள் புதிய வாழ்வுக்குள் நுழைந்தார்கள். 1920 வரை ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர்! அவர்களுள் தமிழர்களும் இருந்தனர். இன்றும் அந்நாட்டு ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கிறது. 2006இல் யுனெஸ்கோ அவ்விடத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

அன்று வேலை அங்கே இருந்தது. அதற்காக ஆள் இங்கிருந்து போனான். இன்று வேலை எங்கேயோ இருக்கிறது. ஆள் மட்டும் அங்கே போகிறாள். அன்று போனவனிடம் தீவு கேட்டது உழைப்பை. இன்று போகிறவளிடம் கேட்பது பணப்பையை. அன்றும் சரி, இன்றும் சரி, முழு மனிதரை அது கேட்கவில்லை!

அம்மாவின் கேள்விக்கு அக்கா சொன்ன பதிலை நான் மறக்க முடியாது. "அம்மா, நாலு வருஷமாக நாலு நாட்டுக் கணக்கு எழுதுகிறேன். நான் பார்த்தது இந்தச் சுவரை மட்டும்தான்."

அப்பா மெல்ல நிமிர்ந்து, "போய் வாம்மா" என்றார்.

பக்கத்து வீடு

அக்கா தங்கியது தென்கிழக்குக் கரையிலுள்ள மாயேபூர் என்னும் சிற்றூரில். அங்கே கடிகாரம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. முதல் மாதம் தொலைபேசியில் அவள் சொன்னதெல்லாம் இணைய வேகமும் வேலை நேரமும்தான். ஒருநாள் நான் கேட்டேன்: "அக்கா, பக்கத்து வீட்டுக்காரர் பெயர் என்ன?"

மறுமுனையில் அமைதி. அவளுக்குத் தெரியவில்லை. கடல் கடந்து போயும் அவள் கண்டது ஒரு சுவரைத்தான். சுவரின் நிறம் மட்டுமே மாறியிருந்தது.

அடுத்த வாரம் அவளே அழைத்தாள். குரலில் உற்சாகம். பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் கிரியோல் மொழியில் "கி மன்யே?" என்று நலம் விசாரித்தாளாம். பாட்டியின் குடும்பப் பெயர் தமிழ்ப் பெயர், பேச்சோ கிரியோல். 2020 ஜூலையில் 'வகாஷியோ' என்ற கப்பல் அந்தக் கரைக்கு அருகே பவளப் பாறையில் தட்டி நின்றது. அடுத்த மாதம் ஏறத்தாழ ஆயிரம் டன் எண்ணெய் கடலில் கசிந்தது. அப்போது ஊரே திரண்டு கரும்புச் சோகையைத் துணிக்குள் திணித்து மிதவைகளாகத் தைத்ததாம். பாட்டியும் தைத்தாராம். "நான் நீலமாகப் பார்க்கிற கடல் இவர்கள் துடைத்த கடல்" என்றாள் அக்கா. அவள் உண்மையில் அந்தத் தீவுக்குப் போய்ச் சேர்ந்தது அன்றுதான் என்பேன்.

என் கருத்து

நண்பர்களே! நம்மில் சிலருக்கும் நாளை இத்தகைய வேலை வாய்க்கலாம். தென்னாப்பிரிக்காவில் புறப்பட்டு, மொரீசியஸையும் நம் கொச்சியையும் தொட்டு, மலேசியா வரை கடலடியில் ஒரு கம்பிவடம் 2002 முதல் கிடக்கிறது. வேலை அதன் வழியே நொடியில் போய்விடும். வாழ்க்கை அப்படிப் போகாது. அதை நாமேதான் நடந்து கொண்டுசேர்க்க வேண்டும்.

ஆகவே போகாதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். குறிப்பாக, வீட்டு மூலையில் மேசை போட்டு அமர்த்தப்பட்ட நம் சகோதரிகள் போகத்தான் வேண்டும். ஆனால் செலவு செய்ய வந்தவராக மட்டும் இருந்து திரும்பாதீர்கள். அவ்வூர் மொழியில் நான்கு சொல் பழகுங்கள். பேரம் பேசாமல் கூடுதல் வாடகை கொடுப்பது பெருந்தன்மை என்று எண்ணாதீர்கள். அது அடுத்தவன் வீட்டின் விலையையும் ஏற்றிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, பக்கத்து வீட்டுக்காரரின் பெயரைக் கேட்டு அறியுங்கள்.

இதை எழுதும்போது எனக்கே ஒன்று உறைக்கிறது. எங்கள் தெருக்கோடி வீட்டுக்கு மூன்று மாதங்களுக்கு முன் வடநாட்டுத் தொழிலாளர்கள் நால்வர் குடிவந்தனர். அவர்கள் பெயர் எனக்குத் தெரியாது. இன்று மாலையே போய்க் கேட்கப் போகிறேன்.