பழைய கார் குடிக்கும் பெற்றோல்: வன்னியில் ஒரு கணக்கு

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. கொழும்பு ஊடகங்களில் புதிய கார்களின் விலைகள் வரத் தொடங்கின. வன்னியில் அந்தச் செய்தி பெரிதாக எதையும் மாற்றவில்லை. வரிகளையும் சேர்த்தால், மிகச் சிறிய கார்கூட இங்கு வாடகைக்கு ஓடுபவரின் கைக்கு எட்டாது. 1990களில் யப்பானில் செய்யப்பட்ட கொரொல்லாக்களும் சன்னிகளும்தான் இன்னும் சந்திகளில் நிற்கின்றன. அவை எவ்வளவு பெற்றோல் குடிக்கின்றன என்பது சொந்தக்காரரின் பிரச்சினை மட்டுமல்ல.

புதுக்குடியிருப்பிலிருந்து தெல்லிப்பழை புற்றுநோய் மருத்துவமனைக்கு ஒரு வழிக்கே நூறு கிலோமீற்றருக்கு மேல். மருந்து ஏற்றிக்கொண்டு பஸ்ஸில் திரும்ப முடியாத நோயாளிக்குக் கார் பிடிக்கத்தான் வேண்டும். போய்வர 220 கிலோமீற்றர் என்று வைப்போம். லீற்றருக்கு 12 கிலோமீற்றர் ஓடும் காருக்கு 18 லீற்றர் சொச்சம் போதும். அதே கார் 8 ஓடினால் 27 லீற்றருக்கு மேல் வேண்டும். லீற்றர் 300 ரூபாய் என்றாலும் வித்தியாசம் 2700 ரூபாயைத் தாண்டுகிறது. சாரதி அதை வாடகையில்தான் போடுவார், வேறு வழியில்லை.

2022இல் இந்தக் கணக்கு இன்னும் கொடூரமாக இருந்தது. அந்த ஆண்டின் தொடக்கத்தில் 177 ரூபாயாக இருந்த 92 ஒக்ரேன் பெற்றோல் ஜூன் முடிவில் 470 ஆனது. பிறகு கியூ.ஆர். அட்டை வந்தது, காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். 12 ஓடும் கார் அந்த 20 லீற்றரில் தெல்லிப்பழைக்குப் போய்த் திரும்பும். 8 ஓடும் கார் திரும்பும் வழியில் எங்கோ நின்றுவிடும். பங்கீடு எல்லாக் கார்களுக்கும் ஒன்றுதான். ஆனால் அது எவ்வளவு தூரத்துக்குப் போதும் என்பதை எஞ்சினின் நிலைதான் தீர்மானித்தது.

அண்மையில் நான் பின்தொடர்ந்தது அப்படியான ஒரு 1997 கொரொல்லாவை. அதன் சொந்தக்காரர் 90களில் யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் கார் ஓடியவர். "எஞ்சின் கிழடு தம்பி, கிழட்டுக்குப் பசி கூட" என்றார். இந்தப் பதிலைப் பல கராஜ்களில் கேட்டிருக்கிறேன். அதை நான் நம்புவதில்லை. பழைய எஞ்சின் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும், உண்மை. மூன்றில் ஒரு பங்கைத் தொலைக்க வேறு காரணம் இருக்கவேண்டும்.

முதலில் அளக்கவேண்டும். எங்கள் ஆட்கள் ராங்கை நிரப்புவதில்லை, "ஆயிரத்துக்கு அடி, இரண்டாயிரத்துக்கு அடி" என்பதே வழக்கம். விலையோ மாதாமாதம் மாறுகிறது. ரூபாயை வைத்து வண்டியின் பசியை அறிய முடியாது. ஒரே செட்டில் ஒரே பம்பில் ராங்கை நிரப்பி, மீற்றரைக் குறித்து, குறைந்தது 200 கிலோமீற்றர் ஓடி, திரும்ப அதே பம்பில் நிரப்பவேண்டும். ஓடிய தூரத்தை இரண்டாவது முறை போன லீற்றரால் வகுத்தால் சரி. அவருடைய கார் 8.2 காட்டியது.

ரயர்களில் காற்றுக் குறைவு, அதை நிரப்பச் சில நிமிடங்கள். எயர் பில்ரரில் புழுதி படிந்திருந்தது, மாற்றினோம். ஒரு நீண்ட ஓட்டத்தின் பின் நான்கு சில்லுகளின் நடுப்பகுதிக்கும் கிட்டக் கையைக் கொண்டுபோனால் முன் இடதுபக்கம் மட்டும் அனலாக அடித்தது. பிரேக் பிடித்தபடியே ஓடியிருக்கிறது. அதைக் கழற்றித் துப்புரவாக்கியதும் 9.5 வந்தது.

பெரிய திருடன் வேறிடத்தில் இருந்தான். பரந்தன் வீதியில் நாற்பது நிமிடம் ஓடியும் வெப்பமுள் பாதிக்கு ஏறவில்லை. தேர்மோஸ்டாட் வால்வு இருக்கவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. யாரோ ஒரு மெக்கானிக் எப்போதோ கழற்றி எறிந்திருக்கிறார். வெப்பநாட்டுக்கு அது தேவையில்லை என்பது இங்குள்ள பொதுவான நம்பிக்கை. அந்த வால்வு, எஞ்சின் சூடேறும்வரை றேடியேற்றருக்குத் தண்ணீர் போகாமல் அடைத்து வைக்கும். அது இல்லாவிட்டால் எஞ்சின் தன் வெப்பத்துக்கு வராது. எஞ்சின் இன்னும் குளிராக இருக்கிறது என்று சென்சர் சொல்ல, கணினியும் தேவைக்கு மேல் பெற்றோலை விட்டுக்கொண்டே இருக்கும்.

இதை விளக்கியபோது அவர் சிரித்தார். அவருக்கு இது புதிதல்ல. 1990இல் போர் மீண்டும் தொடங்கி வடக்குக்கு எரிபொருள் தடுக்கப்பட்டபின், பழைய ஒஸ்ரின்களும் மொறிஸ் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. கிடைத்த கொஞ்சப் பெற்றோலில் இயக்கி, சூடேறியபின்தான் மாற்றவேண்டும். அழுத்தம் குறைந்த பிரித்தானிய எஞ்சின்கள் அதைத் தாங்கின. எஞ்சினுக்குச் சூடு எவ்வளவு முக்கியம் என்பதைத் தடைக்காலத்தில் கையால் கற்ற ஊர் இது. அந்த அறிவை எந்தத் தொழில்நுட்பக் கல்லூரியும் எழுதி வைத்ததாக எனக்குத் தெரியாது. தெரிந்தவர்களில் பலர் இன்று ஊரில் இல்லை, சிலர் உயிரோடும் இல்லை.

வால்வைக் கழற்றியவருக்கும் ஒரு காரணம் இருந்திருக்கும். றேடியேற்றருக்குள் கிணற்றுத் தண்ணீர் விட்டு விட்டு, சுண்ணாம்புப் படிவு குழாய்களைப் பாதி அடைத்திருந்தது. எஞ்சின் கொதித்திருக்கும், வால்வின்மேல் பழி விழுந்திருக்கும். ஆகவே ஒழுங்கு முக்கியம். முதலில் றேடியேற்றரைக் கழுவி, கூலன்ற் விட்டு, அதன்பின் புது வால்வு. படிவை விட்டுவிட்டு வால்வை மட்டும் போட்டால் நடுவீதியில் மீண்டும் கொதிக்கும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். வருடாவருடம் வரிப்பத்திரத்துக்காக எடுக்கும் புகைப் பரிசோதனைச் சான்றிதழை எல்லோரும் மடித்து வைத்துவிடுகிறோம். அதில் காபன் மொனொக்சைட்டின் அளவு போன வருடத்தைவிட நன்றாக ஏறியிருந்தால், எரியும் கலவையில் பெற்றோல் கூடிவிட்டது என்று அர்த்தம். காபன் மொனொக்சைட் அப்படியே இருக்க ஹைட்ரோகாபன் மட்டும் ஏறினால் பிளக்கையும் வயரையும் பாருங்கள். "சித்தி" என்ற சொல்லை மட்டும் பார்த்துவிட்டு மடிக்கவேண்டாம். இரண்டு வருடத் தாள்களைப் பக்கத்தில் வைத்தால், காசு கொடுக்காமலே பாதி நோயறிதல் கிடைத்துவிடும். இந்தக் காரின் தாள்களிலும் காபன் மொனொக்சைட் ஏறியே இருந்தது.

கார் இப்போது 11.3 ஓடுகிறது. மிச்சம் ஒட்சிசன் சென்சரில் இருக்கலாம் என்று கிளிநொச்சி மெக்கானிக் ஒருவர் சந்தேகப்படுகிறார். பழைய பாகம் ஒன்று கிடைத்தால் போட்டுப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். தெல்லிப்பழை வாடகையில் சாரதி இரண்டாயிரம் ரூபாய் குறைத்திருக்கிறார்.