காவல்காரனுக்கும் வயதாகும்!



ஆண்டு மலர் என்றால் கவிதையும், நட்பைப் பற்றி நாலு வரியும், விடைபெறும் மூன்றாமாண்டு அண்ணன் அக்காக்களின் கண்ணீரும் மட்டும்தான் இருக்க வேண்டுமா? நாம் படிக்கிற படிப்பைப் பற்றியும் ஒரு பக்கம் இருக்கட்டுமே என்றுதான் இதை எழுதுகிறேன். விஷயம் சின்னதுதான். கூரையில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு வெள்ளை டப்பா. ஸ்மோக் டிடெக்டர் என்பார்கள். புகை வந்தால் கத்தும். அவ்வளவுதான் அதன் வேலை.

"நம்ம வீட்டுல ஏது இதெல்லாம்?" என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. எங்கள் தாமலில் எந்த வீட்டிலும் நான் பார்த்ததில்லை. ஆனால் புகை நம் வீட்டுக்கு வராது என்று யாராவது எழுதிக் கொடுத்திருக்கிறார்களா?

2022 மார்ச்சில் வேலூரில், இரவு வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்து, ஒரு தந்தையும் பள்ளியில் படித்த மகளும் புகையில் மூச்சுத்திணறி இறந்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் ஊரப்பாக்கத்தில் பிரிட்ஜ் வெடித்துக் கிளம்பிய புகையில் ஒரே குடும்பத்தில் மூன்று பேர் போனார்கள். 2023 ஆகஸ்டில் சென்னை மணலி பக்கம் மாத்தூரில், கொசு விரட்டும் மெஷினிலிருந்து பரவிய தீயின் புகையில் ஒரு மூதாட்டியும் மூன்று சிறுமிகளும் தூக்கத்திலேயே இறந்தார்கள். ஸ்கூட்டர், பிரிட்ஜ், கொசு மெஷின். இவற்றில் எது நம் வீட்டில் இல்லை? ஏரி நிறைந்தால் எங்கள் ஊரில் கொசு மெஷின் இல்லாமல் கண்ணை மூட முடியாது. ஷிப்டு முடிந்து கம்பெனியிலிருந்து வருகிறவர்கள் ஸ்கூட்டரைக் கூடத்தில்தான் நிறுத்தி சார்ஜ் போடுகிறார்கள். பக்கத்திலேயே பாய் விரித்துப் பிள்ளைகள் தூங்குகிறார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான்; என் தங்கை படுக்கும் இடம் அதுதான்.

இந்த மூன்று இடத்திலும் உயிரைக் குடித்தது புகை என்பதைக் கவனியுங்கள். தூங்கும்போது நம் மூக்கும் தூங்கிவிடுகிறது. புகை வாசனை நம்மை எழுப்பும் என்று நம்பி இருக்க முடியாது. புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடோ தூக்கத்தை இன்னும் ஆழமாக்கிவிடும். காது மட்டும்தான் விழித்திருக்கும். அதனால்தான் அந்த டப்பா மூன்று மீட்டர் தள்ளி 85 டெசிபல் அளவுக்குக் கத்தும்படி செய்யப்படுகிறது.

சரி, டிடெக்டர் வேண்டும் என்று சொல்ல ஆயிரம் பேர் வருவார்கள். நான் சொல்ல வந்தது அதற்கு அடுத்த பேச்சு. மாட்டினால் மட்டும் போதாது நண்பர்களே, வயதானால் மாற்ற வேண்டும்! இதை யாருமே பேசுவதில்லை.

வெளிநாடுகளைப் பார்ப்போம். அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியாவில் வீடு கட்டும்போதே கூரைக்குள் ஒயர் இழுத்து, ஒரு டப்பா கத்தினால் எல்லா அறையிலும் கத்தும்படி இணைத்துவிடுகிறார்கள். கரண்ட் போனால் உள்ளே பேட்டரி இருக்கிறது. கேட்கும்போது இதைவிட வேறென்ன வேண்டும் என்று தோன்றும். ஆனால் அங்கேயும் வியாதி ஒன்றுதான். ஒயரில் மாட்டியது தானே, என்றென்றும் வேலை செய்யும் என்று இருபது, இருபத்தைந்து வருஷம் அப்படியே விட்டுவிடுகிறார்கள். அமெரிக்காவின் என்.எஃப்.பி.ஏ. 72 என்ற விதித்தொகுப்பு, தயாரித்த தேதியிலிருந்து 10 ஆண்டு ஆனால் கழற்றிவிட்டுப் புதிது மாட்டு என்கிறது. ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் ஸ்லாக்ஸ் கிரீக் என்ற இடத்தில் 2011-ல் ஒரே வீட்டில் 11 பேர் தீயில் இறந்தார்கள். அதற்குப் பிறகு வந்த சட்டம், 10 வயது தாண்டிய டப்பாவை மாற்றியே ஆக வேண்டும் என்றும், 2027 ஜனவரி 1-க்குள் எல்லா வீட்டிலும் ஒன்றோடு ஒன்று பேசும் டிடெக்டர்கள் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. நம்மவர்கள் நிறைய வாழும் சிங்கப்பூரில் 2018 ஜூன் முதல் புதிய வீடுகளில் இது கட்டாயம். அங்கே முதலில் மாட்டியவை 2028-ல் பத்து வயதைத் தொடும்.

ஏன் 10 வருஷம்? அயனியாக்க வகை டிடெக்டரில் அமெரிசியம்-241 என்ற கதிரியக்கப் பொருள் துளி இருக்கும். அதன் அரை ஆயுள் 432 ஆண்டுகள். அது தீர்ந்துபோவதால் டப்பா கெடவில்லை! சுற்றியுள்ள மின்னணுப் பாகங்கள் தளர்கின்றன. புகை நுழையும் சின்ன அறையில் தூசி படிகிறது, பூச்சி கூடு கட்டுகிறது. ஒளி மூலம் புகையை அறியும் வகையிலும் இதே கதைதான். டெஸ்ட் பட்டனை அழுத்தினால் சத்தம் வருகிறதே என்பீர்கள். சத்தம் வந்தால் ஹாரனும் சர்க்யூட்டும் நலம் என்றுதான் அர்த்தம். புகை உள்ளே போகும் வழி அடைத்திருக்கிறதா என்று பட்டன் சொல்லாது.

இங்கேதான் எனக்கும் என் அப்பாவுக்கும் வாக்குவாதம். எங்கள் வீட்டில் முதல்முதலாகப் படிக்க வந்தவள் நான். அப்பா ஒரு பொருளையும் தூக்கி எறிய மாட்டார். 2011-ல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் கிடைத்த விலையில்லா கிரைண்டர் இன்னும் எங்கள் வீட்டில் மாவாட்டுகிறது. "நல்லாத்தானே இருக்கு, அதை ஏம்மா கழட்டச் சொல்ற?" என்பதுதான் அவருடைய தத்துவம். அந்தத் தத்துவம் நம்மைப் போன்ற குடும்பங்களைக் காப்பாற்றி இருக்கிறது. அதை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் கிரைண்டர் கெட்டால் மாவு அரைபடாது, உடனே தெரியும். ஃபேன் கெட்டால் வியர்க்கும், தெரியும். காவல்காரன் செத்துப்போனால்? தெரியாது! வேலை செய்கிற டிடெக்டரும் அமைதியாகத்தான் இருக்கும், செத்துப்போன டிடெக்டரும் அமைதியாகத்தான் இருக்கும். தெரிய வருகிற நாள், புகை வருகிற நாள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் எதற்கு?

காவல் இல்லாத வீட்டுக்காரன் பயந்தாவது தூங்குவான். செத்த காவலை நம்பியவன் நிம்மதியாகத் தூங்குவான். இரண்டில் எது ஆபத்து என்று நீங்களே சொல்லுங்கள்.

நான் பயிற்சிக்குப் போன ஓரிடத்தில் (பெயர் வேண்டாம்) கூரை முழுக்க டிடெக்டர்கள். பார்க்கவே பெருமையாக இருந்தது. அண்ணாந்து பார்த்தால், கட்டடம் கட்டும்போது தூசி படாமல் போட்ட பிளாஸ்டிக் மூடி பாதி டிடெக்டர்களில் இன்னும் கழற்றப்படவில்லை. பேனலில் ஃபால்ட் விளக்கு எரிகிறது. சத்தம் தொல்லை என்று பஸ்ஸரை அமுக்கி வைத்திருந்தார்கள். கேட்டால், "எட்டு வருஷமா இப்படித்தான்மா இருக்கு" என்கிறார் ஒருவர் சிரித்துக்கொண்டே. மாட்டியதற்குப் பில் இருக்கிறது. பார்த்ததற்குப் பதிவேடு இல்லை.

நாளைக்கு ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் அடுக்குமாடிகளிலும், வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் பராமரிப்பு வேலைக்குப் போகப்போவது யார்? நாம்தான். எனவே மாற்றும் முறையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலில் டப்பாவைத் திருகி இறக்கி, பின்பக்கம் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். இறக்குவதற்கு முன்பே அந்த சர்க்யூட்டின் எம்.சி.பி.யை அணைத்து, கரண்ட் இல்லை என்று டெஸ்டரால் உறுதி செய்ய வேண்டும். மூன்று ஒயர் வரும்: பேஸ், நியூட்ரல், மூன்றாவது மற்ற டப்பாக்களோடு பேசும் ஒயர். ஒரு கம்பெனியின் பிளக் இன்னொன்றுக்குப் பொருந்தாது. பொருந்தினாலும் இரண்டின் பாஷையும் வேறாக இருக்கலாம். ஆகையால் ஒன்றிரண்டை மட்டும் மாற்றி ஒட்டுப்போடாமல், இணைந்திருக்கும் எல்லாவற்றையும் ஒரே கம்பெனியில் சேர்த்து மாற்றுவதே நல்லது. பிறகு ஒன்றில் டெஸ்ட் பட்டனை அழுத்தி, எல்லா அறையிலும் சத்தம் கேட்கிறதா என்று நடந்துபோய்க் கேளுங்கள். மாட்டிய தேதியை மார்க்கரால் டப்பா மேலேயே எழுதுங்கள். அயனியாக்க வகை என்றால் உடைக்காதீர்கள், குப்பையில் போடாதீர்கள். தயாரித்தவரிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும்.

நம் ஊர் வீட்டுக்கு என்ன வழி? ஒரு விளக்குக்கென்று இழுத்த ஒயரில் இன்று பிரிட்ஜும் மிக்சியும் ஓடுகின்றன. அங்கே கூரைக்குள் புதிதாக ஒயர் இழுக்கச் சொல்ல மாட்டேன். பேட்டரியில் ஓடும் தனி டிடெக்டர் ஒன்று, மிக்சி விலைக்குள் கிடைக்கிறது. ஒளி வகையாகப் பார்த்து வாங்கி, படுக்கிற இடத்தில், சார்ஜ் போடும் கூடத்தில் மாட்டலாம். சமையலறையில் வேண்டாம். மிளகாய் தாளிக்கும்போதெல்லாம் கத்தினால், அம்மா மறுநாளே பேட்டரியைப் பிடுங்கி டி.வி. ரிமோட்டில் போட்டுவிடுவார்! சாம்பிராணி போடும் இடத்துக்கும் கொஞ்சம் தள்ளியே மாட்டுங்கள். புதிதாகத் தொடங்குகிற நமக்கு ஒரு வசதி உண்டு. முதல் நாளிலேயே தேதி எழுதித் தொடங்கலாம்.

டிடெக்டர் வாங்க இப்போது வசதி இல்லாத வீட்டிலும் இதே பழக்கத்தைத் தொடங்க ஒரு பொருள் இருக்கலாம். மெயின் போர்டில் ஆர்.சி.சி.பி. இருந்தால் அதுவும் ஒரு காவல்காரன்தான். வீடுகளுக்கான 30 மில்லி ஆம்பியர் வகை, கசிவு மின்சாரத்தை உணர்ந்து விழுந்துவிடும். அதிலும் ஒரு டெஸ்ட் பட்டன் இருக்கிறது. உங்கள் வீட்டில் அதைக் கடைசியாக அழுத்தியது எப்போது? அழுத்தியும் விழவில்லை என்றால் உடனே மாற்றச் சொல்லுங்கள்.

மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். ஆயுத பூஜை அன்று லேத்துக்கும் டிரில்லிங் மெஷினுக்கும் பொட்டு வைத்துப் பொரி வைக்கிறோம். அதே நாளை நம் காவல்காரர்களைச் சோதிக்கும் நாளாகவும் வைத்துக்கொள்வோம். கல்லூரியிலும் விடுதியிலும் டிடெக்டர் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை, இருப்பதற்கு என்ன வயது என்று ஒரு பட்டியல் எடுத்து முதல்வரிடம் கொடுப்போம். ஒவ்வொருவரும் தன் வீட்டிலும், பக்கத்து நாலு வீட்டிலும் பட்டனை அழுத்திப் பார்ப்போம். இதற்கு நிதி வேண்டாம், மேடை வேண்டாம், மாலை வேண்டாம். ஒரு ஸ்டூலும் டெஸ்டரும் மார்க்கர் பேனாவும் போதும்.

படித்தவள் வீட்டில் இருந்து என்ன பயன் என்று ஊரில் நாலு பேர் கேட்கத்தான் செய்கிறார்கள். அந்தக் கேள்விக்கு மார்க் ஷீட்டைக் காட்டுவதைவிட, என் தெருவில் எல்லோரும் பயமில்லாமல் தூங்குவதைக் காட்டவே எனக்கு ஆசை. உங்களுக்கும் அப்படித்தானே?

சிந்திப்போம்! சோதிப்போம்! வயதானதை மாற்றுவோம்!

— இரண்டாமாண்டு மாணவி,
மின் மற்றும் மின்னணுவியல் துறை
(தாமல்)