தருவது தரவு, பறிப்பது கொள்ளை!



தா எனும் வினையடியினின்று பிறந்தது தரவு எனும் நற்றமிழ்ச் சொல். தருவோன் அறிந்து, விரும்பித் தருவதே தரவு. அவன் அறியாவண்ணம் எடுப்பதற்குத் தமிழில் வேறு சொல் உண்டு. கொள்ளை என்பதே அது. இவ் வேறுபாட்டை மறைத்தே இற்றை இணைய நிறுவனங்கள் தம் வணிகக் கோட்டையை எழுப்பியுள்ளன.

நீவிர் நிரப்பித் தந்த பெயரும் முகவரியும் மட்டுமே தரவுத் திரட்டல் என்று எண்ணாதீர்! நீவிர் எழுதித் தந்தது ஒரு பிடி. எழுதாமலே அவர் அள்ளியது ஒரு குதிர். நீவிர் நிற்கும் இடம், நும் கைப்பேசியின் அடையாள எண், எப் பக்கத்தில் எத்துணை நொடி நின்றீர், எதனைத் தொட்டீர், எதனை வாங்காது விட்டீர் என்பன யாவும் திரட்டலே. இவற்றைக் கோத்து நும் நோயையும் கடனையும் கணித்து வைப்பதும் அதன்பாற்பட்டதே.

சான்று வேண்டுமா? இருப்பிடப் பதிவை நிறுத்திவிட்டோம் என நம்பிய மக்களின் இருப்பிடத்தை, வேறோர் அமைப்பின் வழியே கூகுள் தொடர்ந்து பதிந்து வந்தது என அமெரிக்காவின் 40 மாநிலங்கள் குற்றஞ்சாட்டின. 2022இல் 39 கோடியே 15 இலக்கம் தாலர் தந்து அந் நிறுவனம் அதனைத் தீர்த்துக்கொண்டது. முன்கதவைச் சாத்தியவனிடம் பின்கதவு திறந்துள்ளதைச் சொல்லாமை நேர்மையோ?

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 முதல் நடப்பிலுள்ள சட்டம், இருப்பிடத்தையும் இணைய அடையாளக் குறிகளையும் தனியாள் தரவுக்குள் வெளிப்படவே அடக்குகின்றது. தில்லி 2023இல் இயற்றிய தரவுக் காப்புச் சட்டமோ, திரட்டல் என்னும் சொல்லைக் கையாண்டும், எவையெவை திரட்டல் என விரித்துரைத்திலது. தன் துறைகட்கு விலக்களிக்கும் உரிமையை மட்டும் தில்லி மறவாது வைத்துக்கொண்டது!

எனினும், அச் சட்டத்தில் நமக்கொரு பற்றுக்கோடு உண்டு. இசைவு கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசியலமைப்பின் எட்டாம் பட்டியலிலுள்ள 22 மொழிகளுள் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பை நிறுவனங்கள் தரல் வேண்டும் என்கின்றது அது. தமிழும் அப் பட்டியலில் உள்ளது. அவ்வாறிருக்க, ஆங்கில ஓலையை நீட்டி வாங்கும் விளங்காக் கைந்நாட்டு எங்ஙனம் இசைவாகும்?

ஆகலின், எதனை எடுக்கின்றாய், எதற்கு எடுக்கின்றாய், எவர்க்குக் கொடுக்கின்றாய் என்பவற்றைத் தமிழில் எழுதித் தா எனக் கேளுங்கள்! விளங்காத பொத்தானை அழுத்த மறுங்கள்! விளங்கும் மொழியில் கேளாத இசைவு இசைவன்று. தராததை எடுப்பது தரவன்று!