ஊசியைக் கேட்டு வாங்குங்கள்

தாத்தாவின் இசைத்தட்டுகளைப் பழைய சாமான் வாங்குபவரிடம் போட்டுவிட இருந்தோம். தோட்டத்தில் வேலை பார்த்த காலத்தில் சம்பளத்தில் மிச்சம் பிடித்து அவர் வாங்கிச் சேர்த்த தமிழ்ப்படப் பாடல்கள் அவை. பகுதி நேர வேலைப் பணத்தில் நான் ஒரு பழைய டர்ன்டேபிள் வாங்கி வந்து போட்டபோது, பாட்டு கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது. ஒலியைக் கூட்டினால் இரைச்சல்தான் கூடியது. "தட்டு தேஞ்சி போச்சிய்யா, விட்டுடு" என்றார் தாத்தா.

தேய்ந்தது தட்டா? இல்லை. குற்றம் நடுவிலிருந்த சிறு பெட்டியுடையது. ஃபோனோ பிரீஆம்ப் என்பது அதன் பெயர்.

அதற்கு இரண்டு வேலைகள். இசைத்தட்டில் தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தும் உயர்ந்த ஒலிகளைக் கூட்டியும் பதிக்கிறார்கள். 1954இல் ஆர்.ஐ.ஏ.ஏ. வகுத்த அளவுமுறை அது. பெட்டி அதைத் திருப்பிச் சமன் செய்ய வேண்டும். அடுத்து, ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜ் தருகின்ற மிகச் சிறிய மின்னழுத்தத்தைப் பெருக்க வேண்டும். இங்கேதான் நாம் ஏமாறுகிறோம்.

மூவிங் மேக்னெட் வகையில் ஊசியோடு காந்தம் அசையும். அது 3 முதல் 5 மில்லிவோல்ட் வரை தரும். 40 டெசிபல், அதாவது நூறு மடங்கு பெருக்கினால் போதும். மூவிங் காயில் வகையில் அசைவது கம்பிச்சுருள். சுருள் கனக்கக் கூடாது என்பதால் சுற்றுகள் குறைவு, மின்னழுத்தமும் குறைவு. எனக்கு வாய்த்த டெனோன் டிஎல்-103 தருவது 0.3 மில்லிவோல்ட்தான். அதற்கு 60 டெசிபல், ஆயிரம் மடங்கு வேண்டும். நானோ அதை மூவிங் மேக்னெட் பெட்டியில் செருகியிருந்தேன்!

மின்தடையும் பொருந்த வேண்டும். தமிழ்ப்பள்ளி முடித்து தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனவன் நான். அங்கே 'ரிந்தாங்கான்' என்று படித்ததைத் தமிழில் எழுத அகராதியைப் புரட்ட வேண்டியிருந்தது. முதல் வகைக்கு 47 கிலோஓம் வழக்கம். டிஎல்-103க்கு 100 ஓமே போதும்.

கடையில் எனக்குக் காட்டியது வால்வு ஒளிரும் அழகான பெட்டி. விலை என் ஒரு பருவக் கட்டணத்தைவிட அதிகம். பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன். மூவிங் மேக்னெட் மட்டுமே ஏற்குமாம்! அதை வாங்கியிருந்தால் தட்டுகள் கட்டாயம் குப்பைக்குப் போயிருக்கும்.

மூவிங் மேக்னெட் வைத்திருப்பவர் பெட்டிக்குக் கொட்டும் பணத்தை நல்ல ஊசிக்குச் செலவிடலாம் என்பதே என் கருத்து. மூவிங் காயிலுக்குப் பணம் போடுவதில் நியாயம் உண்டு. ஆயிரம் மடங்கு பெருக்கும்போது பெட்டியின் சொந்த இரைச்சலும் சேர்ந்து பெருகும், அதை அடக்கச் செலவாகும். அப்போதும் பெருக்கத்தையும் மின்தடையையும் மாற்றும் வசதி இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்க வேண்டும். விலை பிறகு.

அந்த வசதியுள்ள பெட்டி ஒன்று பாதி விலைக்கு, பழையதாகக் கிடைத்தது. 60 டெசிபல், 100 ஓம் என்று வைத்தேன். முதல் பாட்டிலேயே தாத்தா வானொலியை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். ஆறேழு தட்டுகள் உண்மையிலேயே தேய்ந்துதான் இருந்தன. "நான் அப்பவே சொன்னேன்ல" என்கிறார், அவற்றைப் போடும்போது மட்டும்.